குறை முடியிலா, மயிர்க்காலிலா?

முடி கொட்டுகிறது என்று நாட்டு மருந்துக் கடையில் சொன்னால் கரிசலாங்கண்ணித் தைலம் கொடுப்பார்கள். மருந்துக் கடையில் சொன்னால் பயோட்டின் மாத்திரை வரும். பார்லரில் சொன்னால் ஹேர் ஸ்பா, கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று விலைப்பட்டியலை நீட்டுவார்கள். மூன்று இடங்களிலும் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றுண்டு: கொட்டும் முடி அடியில் சிறு வெள்ளைக் குமிழோடு முழு நீளத்துக்கு வருகிறதா, பாதியில் முறிந்து துண்டு துண்டாக வருகிறதா? முழு முடியாக வந்தால் காரணம் தோலுக்கு அடியில் இருக்கிறது. முறிந்து வந்தால் தோலுக்கு மேலே இருக்கிறது. இது தெரியாமல் வாங்கும் எதுவும் குருட்டாம்போக்கில் வாங்கியதுதான். எண்ணெய்ப் பசையுள்ள முடி, வறண்ட முடி, சுருட்டை முடி என்று வகை பிரித்து அதற்கேற்ற பொருளைத் தேடச் சொல்வது இன்றைய வழக்கம். அந்தப் பிரிப்பு தவறில்லை. ஆனால் அது இரண்டாவது படி. குறை வெளியே தெரியும் முடித்தண்டில் இருக்கிறதா, தலைத்தோலில் இருக்கிறதா, தோலுக்குள் புதைந்த மயிர்க்காலில் இருக்கிறதா என்பதே முதலில் முடிவாக வேண்டும். ஓரிடத்துக்கான சிகிச்சை இன்னோரிடத்துக் குறையைத் தீர்ப்பதில்லை. சில வேளைகளில் அதை முற்ற வைக்கவும் செய்கிறது.

முடித்தண்டுக்கு உயிர் இல்லை. கெரட்டின் என்னும் புரதத்தாலான நார் அது. இரத்த ஓட்டமோ நரம்போ அதில் கிடையாது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது என்பதால், 60 செ.மீ. நீளமுள்ள கூந்தலின் நுனி பிறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். ஐந்து ஆண்டு துவைத்து, வெயிலில் காய்ந்து, சீப்பில் இழுபட்ட பட்டுத்துணியின் நிலைதான் அந்த நுனிக்கும். கிழிந்த துணி தானாகத் தைத்துக்கொள்ளாது; வெடித்த நுனியும் தானாக ஒட்டாது. ஆகவே முடிக்கு ஊட்டம் தருகிறோம் என்ற விளம்பர வாசகம் தண்டைப் பொறுத்தவரை பொருளற்றது. தண்டுக்குச் செய்யக்கூடியவை இரண்டே: தேய்மானத்தைத் தடுப்பது, தேய்ந்த இடத்தைப் பூசி மறைப்பது. மயிர்க்காலின் கதை வேறு. அது உடலிலேயே மிக வேகமாகச் செல்கள் பெருகும் இடங்களில் ஒன்று. ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை முடியை வளர்த்து, இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சியை முடித்துக்கொண்டு, சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து பழைய முடியை உதிர்க்கிறது. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருப்பதால், நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இந்தச் சுழற்சியின் இயல்பான கணக்கு. அந்த மூன்று மாத ஓய்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முடி உதிர்வைப் பற்றிய தவறான முடிவுகளில் பெரும்பகுதி அதிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் தண்டு. இங்கே நம் வீடுகளின் பழைய பழக்கம் ஒன்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்த ரேலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள், முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைத் தேங்காயெண்ணெய் மட்டுமே குறைத்தது என்று 2003இல் எழுதினார்கள். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, கிளையில்லாத நேர்ச்சங்கிலி அமைப்புள்ளது. அதனால் தண்டுக்குள் நுழைய முடிகிறது. நுழைந்தபின் முடி நீரை உறிஞ்சி ஊதுவதைக் குறைக்கிறது. நனையும்போது ஊதுவதும் காயும்போது சுருங்குவதும் திரும்பத் திரும்ப நடப்பதே தண்டு நைந்துபோக ஒரு முக்கியக் காரணம். இந்த ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்ற ஆட்சேபம் எழும், எழ வேண்டும். ஆனால் எண்ணெய் தண்டுக்குள் நுழைவதைக் கருவிகளைக் கொண்டு காட்டிய வேறு சோதனைகளும் உண்டு. விளக்கமும் வேதியியலோடு ஒத்துப்போகிறது. எனவே முடிவை ஏற்கலாம், அது சொல்லும் அளவுக்கு மட்டும். அது சொல்வது, குளிப்பதற்கு முன் தடவிய தேங்காயெண்ணெய் தண்டைக் காக்கிறது என்பதே. முடி வளரும் என்றோ வழுக்கையில் முளைக்கும் என்றோ அது சொல்லவில்லை.

பாட்டிமார் எண்ணெயும் சீயக்காயும் அரப்பும் மட்டும் தேய்த்து முழங்கால் வரை கூந்தல் வளர்த்தார்களே என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கூந்தல் எவ்வளவு நீளம் வளரும் என்பதை மயிர்க்காலின் வளர்ச்சிக் காலம் முடிவு செய்கிறது; அது பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது. வளர்ந்தது முறியாமல் நிற்குமா என்பதைத்தான் பராமரிப்பு முடிவு செய்கிறது. அந்தத் தலைமுறை முடியை வெளுக்கவில்லை, சூடான அயர்னில் இழுக்கவில்லை, எண்ணெய் தடவிப் பின்னி வைத்தது. ஆகவே தண்டு பிழைத்தது. அவர்களிலும் மெல்லிய வாலாக முடி தொங்கியவர்கள் இருந்தார்கள், சவரி வைத்துப் பின்னினார்கள். அவர்களை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை. பழக்கம் சரி, அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பிழை. காரணம் பிழையாக இருந்தால் பழக்கத்தைப் பொருந்தாத இடத்திலும் பயன்படுத்தத் தோன்றும். பொடுகுத் தலையில் எண்ணெய் ஊற்றுவது அப்படித்தான் வந்தது.

கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழிலும் அதுபோன்ற பிறவும் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்துச் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை கொண்டு சேர்த்த பிறகு, ஷாம்புவா சீயக்காயா என்ற விவாதம் ஓயவில்லை. இரண்டும் அழுக்கையும் எண்ணெயையும் நீக்கும் பொருள்கள்தாம். சீயக்காயில் அந்த வேலையைச் சப்போனின்கள் செய்கின்றன. தண்டின் மேல்செதில்கள் படிந்து கிடக்க வேண்டுமானால் கழுவும் பொருள் காரத்தன்மை மிகாமல் இருப்பது நல்லது. பிரேசில் தோல் மருத்துவர்கள் 2014இல் 123 ஷாம்புகளைச் சோதித்தபோது பி.எச். அளவு 3.5 முதல் 9 வரை விரிந்து கிடந்தது. பாதிக்கு மேற்பட்டவை தலைத்தோலின் இயல்பான 5.5ஐத் தாண்டின. காரம் கூடினால் முடியில் எதிர் மின்னேற்றம் மிகுந்து உராய்வும் சிக்கும் பெருகும். கண்டிஷனர் வேலை செய்வதும் இதே காரணத்தால்தான்: அதிலுள்ள நேர் மின்னேற்றப் பொருள்கள் சேதமான இடங்களைத் தேடி ஒட்டிக்கொள்கின்றன. தண்டின் நீளத்துக்கும் நுனிக்கும் அதைப் போட்டால் போதும். மெல்லிய முடிக்கு இலேசானதும், சுருண்ட, தடித்த, சாயம் ஏற்றிய முடிக்குக் கனமானதும் பொருந்தும். முடியின் வகைக்குள்ள உண்மையான பயன் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. உப்புத் தண்ணீர்தான் முடியைக் கெடுக்கிறது என்று ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் ஊர்களில் எல்லோரும் சொல்வார்கள். கோயம்புத்தூர் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட சிறிய ஆய்வு, கடின நீரில் நனைத்த முடிக்கும் வாலைவடி நீரில் நனைத்த முடிக்கும் வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. பாகிஸ்தானில் 70 ஆண்களின் முடியை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வு, கடின நீர் வலிமையைக் குறைத்ததாகச் சொன்னது. விடை இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் இரண்டுமே தண்டைப் பற்றிய ஆய்வுகள். வேரோடு கொட்டும் முடிக்குத் தண்ணீரைக் குற்றம் சொல்ல இவற்றில் ஆதாரம் இல்லை.

நேராக்கும் சிகிச்சைகளுக்கு வருவோம். பணமும் ஆபத்தும் கூடுதலாக இருப்பதும், வாங்குபவருக்கு உண்மை குறைவாகச் சொல்லப்படுவதும் இங்கேதான். ரீபாண்டிங்கில் தயோகிளைக்கோலேட் போன்ற பொருள் தண்டுக்குள்ளிருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. பிறகு அயர்னால் நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு பிணைப்புகளைப் புது வடிவில் மீண்டும் சேர்க்கிறார்கள். உடைந்தவை எல்லாம் மீண்டும் சேர்வதில்லை. அந்தக் குறை தண்டில் கடைசி வரை நிற்கும். புதிதாக வளரும் முடி பழைய சுருளோடுதான் வரும். அதை நேராக்கும்போது மருந்து பழைய பகுதியிலும் பட்டால் அந்த இடத்தில் முறியும். கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பெயர் இதைவிடக் குழப்புகிறது. அதில் முடியை நேராக்குவது பெரும்பாலும் கெரட்டின் அல்ல. சூட்டில் ஃபார்மால்டிஹைடை வெளியிடும் பொருள்கள், அல்லது கிளையாக்சிலிக் அமிலம். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2010இல் பார்லர்களில் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விற்கப்பட்ட திரவத்திலேயே 6.8 முதல் 11.8 விழுக்காடு வரை அது இருந்தது. நாள் முழுதும் அந்தப் புகையைச் சுவாசிப்பவர் வாடிக்கையாளர் அல்ல, அங்கே வேலை பார்க்கும் பெண். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் பாதுகாப்பானதாகத் தெரியவில்லை. இஸ்ரேலில் நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்திய பின் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளான 26 பேரைப் பற்றிய மருத்துவ அறிக்கை 2023இல் வந்தது. அவர்களில் மூவருக்குத் தற்காலிகமாக டயாலிசிஸ் தேவைப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர்கள் 2024இல், நேராக்கம் செய்துகொண்ட மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதியதோடு, அந்தக் களிம்பை எலிகளின் தோலில் பூசி, சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் சேர்வதையும் காட்டினார்கள். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் நேராக்கும் பொருள் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு பயன்படுத்தாதவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்காக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே, காரணத்தை நிறுவியதல்ல. இரண்டரை மடங்கு என்பதைக் கேட்டு மிரளவும் வேண்டாம்: 70 வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காட்டிலிருந்து 4.05 விழுக்காடாக உயரும் என்று அதே ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒருவர் தன் முடி நேராக இருக்க வேண்டும் என்று விரும்புவதில் குற்றம் எதுவுமில்லை. ஆனால் அது தோற்றத்தை மாற்றும் வேலை, சிகிச்சை அல்ல. வறண்டு முறியும் முடிக்கு மருந்தாக அதைப் பரிந்துரைப்பது, நைந்த நாரை மேலும் நையவைப்பது. பாட்டிலில் அச்சிட்ட பொருள் பட்டியலைக் காட்ட மறுக்கும் இடத்தில் அதைச் செய்துகொள்ளக் கூடாது.

இரசாயனம் ஆகாது, இயற்கையே நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் பிழை. கடைகளில் கருப்பு மருதாணி என்று விற்கப்படுவதைப் பாருங்கள். மருதாணியின் சாயம் செம்பழுப்பு நிறம் மட்டுமே தரும். நரையை நேராகக் கருமையாக்கும் பொடியில் பெரும்பாலும் பாரா ஃபெனிலீன் டையமீன் சேர்ந்திருக்கும். ஹேர் டைகளிலும் அதுவே இருக்கிறது. முகமெல்லாம் வீங்கும் அளவுக்கு அது ஒவ்வாமை தரக்கூடியது. முதல் முறை ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த முறைக்கு உத்தரவாதமாகாது. காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

தலைத்தோலில் வரும் பெரும்பாலான தொல்லை பொடுகு. மலாசீசியா என்னும் பூஞ்சை எல்லார் தலையிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாததால், தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்து உண்கிறது. அதில் எஞ்சும் கொழுப்பமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. அரிப்பும் செதிலும் அதனால் வருபவை. செதில் உதிர்வதைப் பார்த்துத் தோல் வறண்டுவிட்டது என்று நினைத்து எண்ணெய் ஊற்றினால், செதில் நனைந்து ஒட்டிக்கொள்ளும், ஒருநாள் பொடுகு குறைந்ததுபோலத் தோன்றும், பிறகு கூடும். தேங்காயெண்ணெய் தலைத்தோலின் நுண்ணுயிர்களை நல்ல விதமாக மாற்றுவதாக இந்தியப் பெண்கள் 140 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வு ஒன்றும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து ஷாம்புவுக்கு எண்ணெய் மாற்றாகும் என்று அது காட்டவில்லை. கீட்டோகோனசோல் 2 விழுக்காடு உள்ள ஷாம்புவை வாரம் இரண்டு முறை, தோலில் ஐந்து நிமிடம் நிறுத்திக் கழுவுவது பல ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்ட வழி. போட்டவுடன் கழுவிவிட்டு மருந்து கேட்கவில்லை என்பவர்கள் ஏராளம். நுனி வறண்டு, தலைத்தோலில் பொடுகும் உள்ளவர் எண்ணெயை நுனிக்கும் மருந்தைத் தோலுக்கும் பிரித்துக்கொள்ளலாம். ஒரே தலையில் இரண்டு சிகிச்சைகள் தேவைப்படுவது இயல்பானதே.

மயிர்க்காலில் வரும் குறைகளில் மிகப் பரவலானதும் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் திடீர் உதிர்வு. பிரசவம், டைபாய்டு, டெங்கு, கோவிட், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஏராளமான மயிர்க்கால்களை ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடும். உதிர்வு தெரிவது இரண்டு மூன்று மாதம் கழித்து. காய்ச்சல் மறந்துபோயிருக்கும், போன வாரம் மாற்றிய ஷாம்புதான் நினைவுக்கு வரும். பழி ஷாம்புவுக்குப் போகிறது. காரணம் நீங்கியிருந்தால் ஆறு மாத அளவில் உதிர்வு தானாகவே நிற்கும். பிள்ளை பெற்றவர்களுக்கும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடி திரும்பிவிடும். அந்த இடைவெளியில் எந்த எண்ணெயைத் தடவியிருந்தாலும் புகழ் அந்த எண்ணெய்க்கே சேரும். அனுபவத்தில் கண்டது பொய்யா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: உதிர்வு நின்றது உண்மை, நிறுத்தியது எது என்பதை அந்த அனுபவம் மட்டும் சொல்லிவிடாது. உதிர்வு நீடித்தால் தைராய்டையும் இரத்தத்தில் இரும்புச் சேமிப்பையும் பார்க்க வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அத்தனை பேருக்கும் முடி கொட்டுவது அதனால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்லருக்குப் போவதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள இந்த எண் போதுமான காரணம். பயோட்டின் குறைபாடு மிக அரிது. அந்த மாத்திரை தைராய்டு சோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் சோதனையையும் தவறாகக் காட்ட வைக்கும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. அதாவது, காரணத்தைக் கண்டறிய வேண்டிய சோதனையையே அது குழப்பிவிடக்கூடும்.

வகிடு அகன்றுகொண்டே போவதும் நெற்றி ஏறிக்கொண்டே போவதும் வேறு வகை. பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து மயிர்க்காலை ஆண்டுக்கணக்கில் சிறுக்க வைக்கின்றன. இதற்கு உறுதியான ஆதாரமுள்ள மருந்துகள் சிலவே. இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்தபோது முடி வளர்ந்ததால் கவனிக்கப்பட்ட மினாக்சிடில், தலையில் தடவும் மருந்தாக அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கும் 1991இல் பெண்களுக்கும் அனுமதி பெற்றது. ஆண்களுக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரை 1997இல் வந்தது. கருவிலிருக்கும் ஆண் குழந்தைக்குக் கேடு செய்யும் என்பதால் கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. மினாக்சிடில் தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு கூடும். பலன் தெரிய நான்கைந்து மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பெற்றது போய்விடும். ரோஸ்மேரி எண்ணெயும் இதற்கு நிகர் என்று பரவலாகச் சொல்வதற்கு அடிப்படை, 100 ஆண்களிடம் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு. அதில் வெற்று மருந்து கொடுக்கப்பட்ட குழு இல்லை. வெங்காய எண்ணெயின் கதை இதைவிடத் தெளிவான பாடம். ஈராக் மருத்துவர்கள் 2002இல் வெங்காயச் சாற்றைத் தடவிச் சோதித்தது புழுவெட்டுக்கு. அது உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்காலைத் தாக்கும் நோய். பலருக்குத் தானாகவும் குணமாவது. 38 பேரே பங்கேற்ற அந்த ஆய்வில் சாறு தடவியவர்களில் பெரும்பாலோருக்கு முடி முளைத்தது. நம் ஊரிலும் புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்க்கும் வழக்கம் உண்டு. அந்த ஒரு நோயில் கிடைத்த சிறிய சான்றை எல்லா முடி உதிர்வுக்கும் நீட்டி, சாற்றுக்குப் பதில் எண்ணெயாக்கி விற்கிறார்கள்.

இத்தனை ஆராய ஏழைக்கு ஏது நேரமும் காசும், பார்லர் பக்கத்துத் தெருவில் இருக்கிறது, தோல் மருத்துவர் நகரத்தில் இருக்கிறார் என்பது கடைசி ஆட்சேபம். அதில் நியாயம் இருக்கிறது. வழுக்கையைக் குணப்படுத்தும், புதிதாக முடி வளர்க்கும் என்று எந்த மருந்துக்கும் உரிமை கோரக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. ஆனாலும் அந்த வாக்குறுதிகள் சுவரிலும் கைப்பேசியிலும் நிறைந்திருக்கின்றன. அவற்றை நம்பி முதலில் செலவழிப்பவர் வசதி குறைந்தவரே. முடிமாற்று அறுவையையும் அழகு நிலைய வேலைபோல எடுத்துக்கொண்டதன் விலையை நாம் பார்த்திருக்கிறோம்: 2016இல் சென்னையில் முடிமாற்று செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். தகுதி பெற்ற மருத்துவரே அதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. செலவைக் கணக்கிட்டால் சரியான வழியே பெரும்பாலும் மலிவு. முறியும் முடிக்குக் குளிக்கும் முன் தேங்காயெண்ணெயும் அகலப் பல் சீப்பும் போதும். பொடுகுக்கு ஒரு பாட்டில் மருந்து ஷாம்பு. இரத்தசோகைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். வட்டமாக முடி போன இடம், சீழ், வலி, தழும்போடு வழுவழுப்பாகிய தோல் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. தழும்பான மயிர்க்கால் திரும்ப முளைப்பதில்லை. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே வெளிநோயாளியாகப் போய்க் காட்டுவதற்குக் கட்டணம் இல்லை.